அயாகோவின் நோட்டுப் புத்தகம்

ஜப்பானியப் பெண்களின் ஆழ்மனத்தைப் பற்றி மூன்று புத்தகம் எழுதிவிட்ட டாக்டர் சாரநாதனின் சிட்னி வீட்டுக்கு அன்றுதான் முதன்முதலாக ஒரு ஜப்பானியப் பெண் வந்திருந்தாள். பெயர் அயாகோ, ஆராய்ச்சி மாணவி. ஹெலன்ஸ்பர்க் கோயிலில் பார்த்துப் பழகி, மனைவி வைதேகிதான் வரச் சொல்லியிருந்தாள்.

அயாகோ குறுக்கே பேசாமல் குறிப்பெடுத்தாள். சாரநாதனுக்குப் பரம திருப்தி.

"உங்க ஊர்ல புருஷன் கடைசிவரைக்கும் குழந்தைதாம்மா. பொண்டாட்டி அவனுக்கு இன்னொரு அம்மா."

வைதேகி ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு சூடான காபியை வைத்தாள். பிரஷர் மாத்திரையை நீட்டினாள். அவர் திரும்பிப் பார்க்காமலே வாயைத் திறந்தார்.

"பாவம், தான் அடிமைன்னே அவளுக்குத் தெரியாது," என்று முடித்தார், மாத்திரையை விழுங்கிவிட்டு.

அயாகோ அதையும் எழுதி, நோட்டை மூடி, ஒரு படிவத்தை நீட்டினாள்.

"உங்க சம்மதத்துக்கு ஒரு கையெழுத்து, சார்."

"நான் எதுக்குப் போடணும்? உங்க ஊர்ப் பொண்ணுங்களைப் பத்தின ஆராய்ச்சிதானே இது?"

"இல்லை சார். என் ஆராய்ச்சி ஆஸ்திரேலியாவில் இருக்கும் தமிழ்க் கணவர்களைப் பத்தி. மேடம் போன வாரமே கையெழுத்துப் போட்டுட்டாங்க."

சாரநாதனுக்கு முகம் சிவந்துவிட்டது. படிவத்தைப் பிடுங்கி, கண்ணருகே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, கடைசியில் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"வைதேகி, என் கண்ணாடி எங்க?"

அயாகோ மூடிய நோட்டை மறுபடி திறந்தாள்.