ஆளுக்கொரு மூலை

கமலாட்சி ரீச்சர் மவுசைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வகுப்பறையில் இன்டர்நெட்டைப் பயன்படுத்தப் பழகத்தானே சண்டையால் அடைபட்ட துணுக்காயிலிருந்து பயண பாஸ் எடுத்து, ஆளையும் பையையும் கிளறும் இராணுவச் சென்றி தாண்டி, தலையெல்லாம் புழுதியோடு வவுனியாவுக்கு வந்தார்கள்? மூன்று விஞ்ஞான ஆசிரியைகள். பழக்குகிறவள் நான், மஸீனா.

காலையில் தொண்டை வறள விளக்கினேன். இன்டர்நெட்டில் அனுப்புவது துண்டு துண்டாகப் பிரிந்துதான் போகும், ஒரு வழி அடைபட்டால் மற்ற வழியால் போகும், போன இடத்தில் ஒன்றாகச் சேரும் என்றேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

சுத்தமாக விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

லைன் கிடைத்ததும் சிறுநீரகத்தின் வெட்டுமுகப் படம் கேட்டார்கள். டிசம்பரில் பிள்ளைகளுக்குச் சோதனை. புதிய புத்தகம் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை.

படம் மெல்ல மெல்ல இறங்கி முடிந்தது. இனி நீங்களே தேடுங்கள் என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. கமலாட்சி ரீச்சர் மேல் மூலையையே பார்த்திருந்தார். பத்மாசனி ரீச்சர் நடுப்பகுதியை. அழகம்மா ரீச்சர் கீழே போகும் குழாயை. கண்ணை மூடுவதும் முணுமுணுப்பதும் திரும்பப் பார்ப்பதுமாக இருந்தார்கள்.

அச்சடித்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

“ஐயோ வேண்டாம் ரீச்சர். போனமுறை இருதயப் படம் கொண்டு போனனான். அம்புக்குறியைக் கண்டிட்டு மேப் எண்டு சென்றியிலை பறிச்சுப்போட்டாங்கள்” என்றார் கமலாட்சி ரீச்சர்.

அங்கே குளிக்கிற சவர்க்காரம் போவதும் இப்படித்தான். ஆளுக்கு அனுமதித்த அளவைக் கொண்டுபோய் அங்கால் ஒன்றாகச் சேர்ப்பார்கள். படத்தையும் பங்கு போட்டு மனதில் ஏற்றிவிட்டார்கள்! எனக்குக் கோபம் போய்விட்டது. அவர்கள் பார்த்து முடியும் வரை லைனை வெட்டாமல் விட்டேன்.

மத்தியானம் மூவரும் புறப்பட்டார்கள்.

பின்னேரம் கமலாட்சி ரீச்சர் மட்டும் தனியே திரும்பி வந்தார். பாஸில் ஏதோ பிழையாம். சென்றியில் மற்ற இருவரையும் போகவிட்டு இவரை மறித்துவிட்டார்கள்.

போச்சு. மேல் மூலை இல்லாத படத்தை வைத்துப் பிள்ளைகள் என்ன செய்யும்? எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கதிரையை இழுத்துப் போட்டார்.

“என்ரை மூலை பத்மாசனிக்கும் மனப்பாடம் ரீச்சர். இப்ப அந்த மவுசைத் தாங்கோ, பாஸ் கிடைக்கும் மட்டும் பழகுவம்.”