அழித்த நாள்

ஜெபாவின் தலைக்குள் இருந்து நினைவையும் பேச்சையும் இயக்கிய சிப்பில் புதிய வெர்ஷன் மூன்றாவது முறையும் பாதியில் நின்றது. இன்று ஏறாவிட்டால் அவளுக்குப் பேச்சு போய்விடும்.

“ஒரு நாளோட ஃபைல் இல்ல சார். மத்ததெல்லாம் அதத்தான் தேடுது,” என்றாள் சர்வீஸ் சென்டர் பெண். “மேடமே அழிச்சிருக்காங்க.”

கணவன் செல்வின் உட்கார முடியாமல் எழுந்து நடந்தான். அவர்கள் மகள் லாரியில் அடிபட்ட நாள் அது. வாசல் கேட்டைத் திறந்துபோட்டது தான்தான் என்று நம்பிய ஜெபா, தாங்க முடியாமல் அந்த நாளின் நினைவையே அழித்திருந்தாள்.

“அதே நாள் உங்க சிப்புல இருந்தா காப்பி பண்ணிப் போட்டுடலாம்.”

“வேற வழியே இல்லையாம்மா?”

“இல்ல சார்.”

தன் சிப்பில் ஒயரைச் செருக அவன் தலை குனிந்தான்.

இம்முறை முழுதும் ஏறியது. ஜெபா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

“கேட்ட மூடாம போனது நீங்களா?”