அட்டைக்குப் பின்னால்

"அப்பா ஓட்டை நானே போட்டுடறேன் டீச்சர். அவரை எதுக்குச் சிரமப்படுத்தணும்?"

கட்டிலருகே நின்றபடி மகன் சிரித்தார். டீச்சர் தோள்பையை இறக்கி வைத்தாள். நகரசபைத் தேர்தலுக்கு, நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே போய் ஓட்டு வாங்கிவரும் வேலை அவளுக்கு. தேர்தல் வந்தால் பள்ளிக்கூடத்துக்கு லீவு. டீச்சருக்கு மட்டும் கிடையாது. பூட்டிய தகரப் பெட்டியோடு நகரசபை உதவியாளர் பின்னால் நின்றார். காலையிலிருந்து இது பதினோராவது வீடு.

"கை அசையுதில்ல? அப்ப அவரேதான் போடணும் சார்."

"வலது கை சுத்தமா போச்சு. இடது கைதான் ஏதோ கொஞ்சம் அசையும். வாதம் வந்து மூணு வருஷமாச்சு, பேச்சும் வராது. பல் விளக்கி விடறதிலேருந்து சாப்பாடு ஊட்டறது வரைக்கும் எல்லாம் நான்தான்."

பொய்யில்லை. துவைத்த விரிப்பு. உயர வரிசைப்படி அடுக்கிய மருந்து பாட்டில்கள். பெரியவருக்குத் தலை வாரி, முகத்துக்குப் பவுடர்கூடப் போட்டிருந்தது. டீச்சரின் அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் முன்பின் தெரியாதவர்கள் நடுவே செத்துப்போனார். அப்போது அவள் வேறு ஊரில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். இந்தப் பெரியவரைப் பார்க்கப் பொறாமையாகவே இருந்தது.

"அது சரி, நாங்க மனு எதுவும் போடலையே. எங்க வீடு எப்படி உங்க லிஸ்ட்ல வந்துச்சு?" என்றார் மகன்.

உதவியாளர் காகிதங்களைப் புரட்டினார். "வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க ஒரு அம்மா வந்தாங்களே, அவங்க படிவத்துல 'வீட்டுலேயே ஓட்டு'ங்கற இடத்துல பெரியவரே டிக் அடிச்சுக் கொடுத்திருக்காரு. கோணல்மாணலா கையெழுத்தும் இருக்கு."

"அடேங்கப்பா! சரியான ஆளுதான்பா நீங்க." மகன் அப்பாவின் தோளில் செல்லமாகத் தட்டக் கையை ஓங்கினார். பெரியவர் கண்களை இறுக்கி மூடிக்கொண்டார்.

டீச்சர், ஓட்டுப் போடுவதை மறைக்கும் மூன்று மடிப்பு அட்டையைப் படுக்கையில் விரித்து நிறுத்தினாள். ஓட்டுச் சீட்டையும் அதைப் போடும் உறையையும் பேனாவையும் இடது கைக்கு எட்டும்படி வைத்தாள்.

"நீங்க கொஞ்சம் வெளியே நிக்கணும் சார்."

"நானுமா? நான் இல்லேன்னா பயந்துடுவாரு. மூணு வருஷமா யாரோடயும் தனியா விட்டதே இல்ல."

"போன தடவை இந்த வார்டுல நாலே ஓட்டு வித்தியாசம். நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னு யாராவது கிளப்பிவிட்டா, என் வேலைக்கே வேட்டு."

மகன் மனமில்லாமல் நிலைப்படி தாண்டி நின்றார். டீச்சரும் முதுகைத் திருப்பிக்கொண்டாள். பேனா காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. ஐந்து நிமிடம் போயிற்று.

"என்ன டீச்சர், ஓட்டுப் போடச் சொன்னா அப்பா கட்டுரை எழுதறாரா?" வெளியிலிருந்து மகன் கேட்க, உதவியாளர் சிரித்துவிட்டார். டீச்சருக்கும் சிரிப்பு வந்தது.

கடைசியில் பெரியவர் சீட்டை மடித்தார். உறையில் போடாமல் அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"ஐயோ, எனக்குக் காட்டக் கூடாதுங்க ஐயா." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே சீட்டை உறையில் நுழைத்து, பசை தடவி, நாலு ஓரமும் அழுத்தி ஒட்டினாள். "பாருங்க, இனிமே இதை யாரும் பார்க்க முடியாது. தைரியமா இருங்க."

உறை பெட்டிக்குள் விழுந்தது. பெரியவரின் கண்களிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. டீச்சரின் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஓட்டுப் போட்ட சந்தோஷம்," என்றபடி உள்ளே வந்த மகன், அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டார். அவர்கள் வெளியே வந்ததும் அறைக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். "பூனை உள்ளே போயிடுது டீச்சர்."

தெருவுக்கு வந்ததும் டீச்சர் பெருமூச்சு விட்டாள். "பிள்ளைன்னா இப்படி இருக்கணும்."

பதினாறு நாள் கழித்து, நகரசபை மண்டபத்தில் ஓட்டு எண்ணிக்கை. உறைகளைப் பிரிக்கும் மேஜையில் அவளையே உட்கார வைத்திருந்தார்கள்.

"விஷயம் தெரியுமா டீச்சர்? அந்தப் பெரியவர் போன வாரம் போயிட்டாரு," என்றார் உதவியாளர். "கட்டில்லேருந்து விழுந்து தலையில அடியாம். அந்த மகன் அழுத அழுகை இருக்கே, பார்க்கச் சகிக்கலை."

டீச்சரின் கை நின்றுவிட்டது. "அடப்பாவமே!"

"ஆள் போனா என்ன, ஓட்டு இந்தப் பெட்டிக்குள்ள உயிரோட இருக்கு. நீங்க மட்டும் அன்னைக்குப் பிடிவாதம் பிடிக்கலேன்னா, அதையும் மகனே போட்டிருப்பாரு."

அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. கடைசியாக அவர் சொல்ல நினைத்தது வீண்போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த உறையைப் பிரித்து, சீட்டை மேற்பார்வையாளரிடம் நீட்டினாள்.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "எந்தச் சின்னத்துலயும் டிக் இல்ல. பின்னாடி என்னமோ கிறுக்கி வெச்சிருக்கு. செல்லாது." முத்திரையை ஓங்கிக் குத்தி அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

செல்லாத சீட்டுகளுக்கான தட்டில் போடும்போது அது புரண்டு விழுந்தது. இடது கையால் எழுதிய கோணல் எழுத்துகள்:

"டீச்சர், என் மகன் என்னை அடிக்கிறான். நீங்க போகும்போது என்னையும் கூட்டிட்டுப் போயிடுங்க."