பதிமூன்றாவது ஆள்

"யோவ் அமிர்தலிங்கம், என்னய்யா இது? கேமராவுல பதினாலு தல தெரியுது! ரிஜிஸ்டர்ல பன்னெண்டு பேருதான்யா!"

போனில் சத்தம் போட்டார் மேனேஜர் மணிவண்ணன். தொழிலாளர் துறை ஆபீசர் அரியலூரிலிருந்து கிளம்பிவிட்டாராம். செந்துறை ரோட்டில் இருக்கும் இந்தச் சுண்ணாம்புக்கல் அரவை மில்லுக்கு வர எண்ணி இருபது நிமிஷம்.

"ரெண்டு பேரு வேன்ல ஏறாம ஒளிஞ்சிருக்காங்க சார். இதோ புடிச்சு ஏத்திடறேன்."

"ஏத்து. இன்னிக்கு மட்டும் ஒழுங்கா முடி, நாளைக்கே ஒன் கார்ட எடுத்துத் தரேன்."

அந்தக் கார்டை நம்பித்தான் அவன் குடும்பமே இருந்தது. மனைவி பூங்குழலிக்கு வருகிற திங்கட்கிழமை திருச்சியில் கர்ப்பப்பை ஆபரேஷன். இ.எஸ்.ஐ. கார்டைக் காட்டினால்தான் நடக்கும். கார்டு மேனேஜரின் பீரோவில் பத்திரமாக இருந்தது. "கையில குடுத்தா தொலச்சிடுவ" என்று பதினோரு வருஷமாக அவரே வைத்துக் காப்பாற்றுகிறார். நல்ல மனுஷன்!

இன்ஸ்பெக்‌ஷன் என்றால் இந்த மில்லில் ஒரு சடங்கே உண்டு. ரிஜிஸ்டரில் பேர் இல்லாத இருபது பேரையும் பின்வாசல் வழியாக வேனில் அடைத்து, ஆளுக்கொரு புளிசாதப் பொட்டலம் கொடுத்து, கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். மிச்சப் பேருக்கு அன்றைக்கு மட்டும் புது ஹெல்மெட், மாஸ்க் எல்லாம் வரும். சூப்பர்வைசர் அமிர்தலிங்கம் எப்போதும் பொறுப்பாக வேனோடு போய்வருவான். இந்தத் தடவைதான், மத்தியானம் பூங்குழலியை ஸ்கேனுக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்ததால், டிரைவரிடமே பொறுப்பை விட்டிருந்தான்.

அதுதான் வினையாகப் போயிற்று. மாஸ்க் போட்டால் யார் எவர் என்று தெரிந்தால்தானே! ஒவ்வொருவராக உற்றுப் பார்த்துக்கொண்டே போனான். ஓரமாக மூட்டை தைத்துக்கொண்டிருந்த ஆளின் இடது கையில் சுண்டுவிரல் இல்லை. மாஸ்க்கைப் பிடித்து இழுத்தான்.

"முத்தாயி! நீ வேன்ல ஏறலயா?"

"ஏறலண்ணே. எத்தன தரம்தான் அந்த நந்தியப் போயிப் பாக்குறது? நந்திக்கே என் மூஞ்சி மனப்பாடம் ஆயிருக்கும்."

"வெளையாடாத. ஆபீசர் வந்துகிட்டிருக்காரு."

"வரட்டும். அவருகிட்ட இந்தக் கையக் காட்டத்தான் நிக்கிறேன். பெல்ட்டுல வெரல் போனப்ப, 'நீ எங்க ஆளே இல்ல'ன்னுட்டாங்கல்ல? புதுசா சட்டம் வந்துருக்காம். வேலைக்கு வச்சா எல்லாருக்கும் லெட்டர் குடுத்தே ஆகணுமாம். எம்மவ போன்ல படிச்சுக் காட்டுனா."

"சட்டம் டெல்லியில இருக்கு முத்தாயி. நாம செந்துறை ரோட்டுல இருக்கோம்."

"ஒனக்கென்னண்ணே, கார்டு இருக்கு. பேசுவ."

அவனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கடிகாரம் நிற்குமா?

"ஒங்கால்ல வேணாலும் விழுறேன். திங்கக்கெழம ஒங்க அண்ணிக்கு ஆபரேஷன். நீ இங்க நின்னா என் கார்டு போச்சு."

முத்தாயி அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி அவன் கையில் திணித்தாள்.

"அண்ணிக்காகப் போறேன். ஒனக்காக இல்ல."

பின்வாசலில் காத்திருந்த வேனில் அவளை ஏற்றிக் கதவைச் சாத்தும்போது முன்கேட்டிலிருந்து வாட்ச்மேன் கத்தினார். "ஆபீசர் ஜீப்பு நம்ம கேட்டுப் பக்கம் திரும்பிடுச்சு!"

ஒரு ஆள் ஆச்சு. இன்னொருத்தன்? மூட்டை அடுக்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். கக்கூஸ் கதவைத் தட்டினான். லாரிக்கு அடியில் குனிந்து தேடினான். சட்டையெல்லாம் தொப்பலாக நனைந்துவிட்டது. படுபாவி, எங்கேதான் போய்த் தொலைந்தான்?

மேனேஜரே மாடியிலிருந்து ரிஜிஸ்டரும் கையுமாக ஓடி வந்தார்.

"இன்னும் பதிமூணுய்யா! என்னதான் பண்ணிக்கிட்டிருக்க?"

"மன்னிச்சுக்குங்க சார். முத்தாயிய ஏத்திட்டேன். அந்த இன்னொரு ஆளுதான் சிக்கவே மாட்டேங்குறான்."

மேனேஜர் அவன் தலையிலிருந்த ஹெல்மெட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

"அது நீதான்யா! பின்ன எதுக்கு ஒவ்வொரு தடவையும் ஒன்னையும் வேன்ல அனுப்புறேன்னு நெனச்ச? ஓடு, போயி ஏறு."

அமிர்தலிங்கம் மாடியைப் பார்த்தான்.

"சார்... அப்ப பீரோவுல இருக்குற என் கார்டு?"

"ரிஜிஸ்டர்லயே இல்லாதவனுக்கு ஏதுய்யா கார்டு? சீக்கிரம் போ!"

முன்கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அமிர்தலிங்கம் பின்வாசலுக்கு ஓடினான். வேன் கதவை அகலத் திறந்தான், ஆனால் ஏறவில்லை.

"முத்தாயி, எறங்கும்மா. எல்லாரும் எறங்குங்க. ஆபீசர் வந்துட்டாரு, ஒங்களோட நானும் வந்து நிக்கிறேன்."