வாசல் தராசு

பனியன் திருட்டுப் போகிறது என்று கன்னையனுக்குச் சந்தேகம். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்த தன் பனியன் கம்பெனி வாசலில் தரைக்கடியில் எடை மெஷினைப் பதித்துவிட்டார். வேலையாட்கள் வரும்போதும் போகும்போதும் தங்கள் அட்டையைச் செருகி அதில் ஏறி நிற்க வேண்டும். காலை எடையைவிட மாலையில் கூடினால் மணி அடிக்கும்.

"மணி அடிச்சா ஆரா இருந்தாலும் உடாதே. கையைத் தூக்கச் சொல்லித் தடவிப் பாரு," என்று வாட்ச்மேன் தவசிக்கு உத்தரவு.

ஒரு மாதமாக மணி அடிக்கவேயில்லை. அதோடு, ஆட்கள் எல்லோருமே மாலையில் முக்கால் கிலோ, ஒரு கிலோ குறைந்திருந்தார்கள்.

மெஷின் பதித்த நல்லானைக் கூப்பிட்டார்.

"உம்பட மெஷின் பழுதப்பா. கொண்டாந்த சோத்தைத் தின்னுபோட்டுத்தானே போறாங்க? எப்படி எளைப்பாங்க?"

"நாளைக்கு நீங்களே ஏறிப் பாருங்க மொதலாளி."

மறுநாள் காலையில் ஏறி இறங்கினார். பகலெல்லாம் ஏ.சி. அறையில் இருந்தார். கடையிலிருந்து பிரியாணி, இரண்டு இளநீர், நாலு டீ வந்தன.

மாலையில் அயர்ன் பிரிவு ஆட்கள் வியர்வையில் நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டே வாசலைக் கடந்தார்கள். மணி அடிக்கவில்லை. கடைசியாகக் கன்னையன் ஏறினார்.

மணி அடித்தது.

"மெஷின் சரியாத்தானுங்க இருக்குது," என்றான் நல்லான்.

தவசி ஓடி வந்தான்.

"கையைத் தூக்குங்க மொதலாளி."