மார்ச் பன்னிரண்டு

காலாவதியான மென்பொருள் உரிமங்களைத் தேடிப் புதுப்பிக்க வந்த குலசேகரனுக்கு, அந்த வரைபட அலுவலகத்தின் முப்பத்தோராவது கணினிக்கு வருவதற்குள் கண்ணைக் கட்டியது. அதில் மட்டும் உரிமம் முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது. திரையின் மூலையைப் பார்த்தான். ஆறு வருடத்துக்கு முந்தைய மார்ச் பன்னிரண்டு.

“தேதி தப்பா இருக்கேம்மா.”

“நான்தான் தம்பி தெனமும் காலைல பின்னால தள்ளி வைப்பேன். பதிமூணு ஆயிட்டா படம் வரையுற சாஃப்ட்வேர் தொறக்காது. புதுசு வாங்கித் தர்றோம்னாங்க, வரவே இல்ல,” என்றாள் அந்தக் கணினியில் படம் வரையும் ஜெபமணி, மூக்குக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி.

அவளுடைய கோப்புகளைத் திறந்தான். நாலாயிரத்துச் சொச்சம் வீட்டு வரைபடங்கள். அத்தனைக்கும் ஒரே தேதி. எது முதல் வருடம் வரைந்தது, எது நேற்று வரைந்தது என்று சொல்ல வழியில்லை.

புது உரிமத்தைப் போட்டான். இன்றைய தேதிக்கு மாற்றட்டுமா என்று கணினி கேட்டது. அவன் விரல் பொத்தானின் மேல் நின்றது.

ஜெபமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த நீளமான பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“அன்னிக்கு ரொம்ப வேலை, தம்பி,” என்றாள்.