ஒன்பது நிமிஷம்

“மணி சரியா ஓடுது, தேதி சரியா காட்டுது, காலைச் சைரன் மட்டும் ஏன்யா ஒன்பது நிமிஷம் கழிச்சு ஊளையிடுது?”

மூன்றாவது தடவையாக, ஒரு வார்த்தை மாறாமல் கேட்டார் மேனேஜர் நாராயணப்பன். ஒன்பது மணிக்கு முன்னால் கம்பெனிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷர், கண்ணால் பார்த்தே தீருவதென்று இன்று விடிவதற்குள் வந்து நின்றுவிட்டார்.

“ஓசூர்க் குளிர் சார். சிப்பே நடுங்குது” என்றான் சைரன் கருவியைப் பராமரிக்கும் சுரேந்தர்.

“போன தடவை பேட்டரி வீக்குன்னே. அதுக்கு முன்னால மின்னல்னே. அடுத்து என்ன, கண் திருஷ்டியா?”

சைரன் அடித்தால் கேட் தானாக மூடிக்கொள்ளும். வெளியே நிற்பவருக்கு அன்று வேலை கிடையாது. ஒரே மாதத்தில் மூன்று முறை நின்றால் எப்போதுமே கிடையாது. ஷிப்ட் ஆறு மணிக்கு. தளியிலிருந்து வரும் முதல் பஸ்ஸோ ஆறு ஐந்துக்குத்தான் வந்து சேரும்.

“தளிக்காரிங்களுக்கு யோகம். ஆடி அசைஞ்சு வர்றாளுங்க பாரு” என்று ஜன்னல் வழியே காட்டினார் நாராயணப்பன்.

அவர்கள் ஓடித்தான் வந்தார்கள். கடைசிப் பெண்ணும் உள்ளே நுழைந்த பிறகே சைரன் அடித்தது.

நாளைக்கும் இப்படியே அடித்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக அவர் சொல்லி முடிப்பதற்குள் பெங்களூரிலிருந்து போன். பேசிக்கொண்டே வெளியே போனார்.

சுரேந்தர் லேப்டாப்பை இணைத்தான். கடிகாரச் சிப்பில் நொடிக்கு ஓர் அறை, நிமிஷத்துக்கு ஓர் அறை, மணி, கிழமை, தேதி, மாதம், வருஷம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை. எல்லாம் சரியாக இருந்தன. அலாரத்துக்கு வேறு அறைகள். மதியச் சைரனுக்கு இரண்டு, பூஜ்யம். காலைச் சைரனுக்கு ஆறு, ஒன்பது.

குளிருமில்லை, மின்னலுமில்லை. அந்த ஒன்பதை எழுதியவன் அவன்தான்.

போன மாதம் இந்தக் கருவியை மாட்டிய மறுநாள், மூடிய கேட்டுக்கு வெளியே முனிலட்சுமி என்ற தளிப் பெண்ணைப் பார்த்தான். அவள் அழவில்லை, யாரையும் கெஞ்சவில்லை. மதியத்துக்குக் கட்டி வந்த சோற்றை அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்து தின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனாள்.

அன்றைக்கு எழுதியது. அதன் பிறகு தளிப் பெண்களில் ஒருத்தி கூட வெளியே நிற்கவில்லை. அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் செய்ததில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இந்த வேலை போனால் போகட்டும், ஒன்பதை மாற்றுவதில்லை என்றே இன்று வந்திருந்தான்.

“சைரன் ரிப்பேருக்கு வந்தது நீதானா தம்பி?”

நைட் வாட்ச்மேன் கரியப்பன், கையில் தூக்குச்சட்டியோடு வாசலில் நின்றார். ஷிப்ட் முடிந்தும் ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்று கேட்டான் சுரேந்தர்.

போக பஸ் இல்லையாம். தேன்கனிக்கோட்டை பஸ், தளி பஸ் வந்து நிற்கும்போதே எதிர்ப்பக்கம் கிளம்பிவிடும். சைரன் அடிக்காமல் வாட்ச்மேன் இடத்தை விட்டு நகரக் கூடாது. அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்து. வீட்டில் மனைவி மாரம்மா படுத்த படுக்கை. ராத்திரியெல்லாம் பார்த்துக்கொள்ளும் மகள் வினோதா, அப்பா வந்த பிறகுதான் வேலைக்குக் கிளம்ப முடியும்.

“அவளும் கம்பெனிக்குத்தான் போறா தம்பி. அங்கயும் இதே மாதிரி கேட்டு. பக்கத்து வூட்டுக்காரங்களைக் கெஞ்சிக் கெஞ்சி உட்கார வெச்சோம், தினம் யாரு வருவா? இந்த மாசம் ரெண்டு வாட்டி வெளிய நின்னுட்டா. இன்னொரு வாட்டி நின்னா அவ்வளவுதான்.”

சுரேந்தர் திரையிலிருந்த ஒன்பதைப் பார்த்தான்.

“நாளையிலிருந்து சரியா ஆறுக்கே அடிக்கிற மாதிரி வெச்சுக் குடுத்துட்டுப் போ தம்பி. உனக்குப் புண்ணியமாப் போகும்.”